இருமாத காசநோயும் தொடாத கைகளும்

"இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? உடனே சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்." கூடலூரிலிருந்து ஆண்டிப்பட்டி வரைக்கும் அரசு மருத்துவமனைச் சுவர்களில் இந்த வாசகம் ஏதாவது ஒரு வடிவத்தில் கண்ணில் படும். நல்ல வாசகம்தான். நுரையீரல் காசநோய் வந்த எத்தனையோ பேரை அது மருத்துவரிடம் கொண்டு சேர்த்திருக்கிறது. ஆனால் காசநோய் நுரையீரலோடு நின்றுவிடுவதில்லை. எச்.ஐ.வி. தொற்றுள்ள ஒருவருக்கு அது இதயத்தைச் சுற்றியிருக்கும் உறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டால், அவர் இருமாமலே, சளி துப்பாமலே செத்துப் போகக்கூடும். கால் வீங்கியிருக்கும், படுத்தால் மூச்சு முட்டும், அவ்வளவுதான். சுவரில் எழுதியிருக்கும் வாசகம் அவரைக் கூப்பிடவே இல்லை.

சாதி ஒழிப்பு பேசுகிற இடத்தில் இதய நோயைப் பற்றி என்ன எழுத்து என்று தோழர்கள் சிலர் நினைக்கலாம். எந்த நோய் யாரைத் தேடி வருகிறது, வந்த பிறகு யாருக்குக் கண்டுபிடிக்கப்படுகிறது, யாருக்குக் கடைசிவரை பெயர் தெரியாமலே போகிறது என்பதும் சாதிக் கேள்விதான். இந்த நோயில் அந்தக் கேள்வி மற்ற நோய்களைவிடக் கூர்மையாக நிற்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால் நோயைச் சொல்லியாக வேண்டும்.

இதயத்தை இரட்டைச் சவ்வு ஒன்று பை போல மூடியிருக்கிறது. அந்தப் பைக்குள் இயல்பாகவே கொஞ்சம் நீர் இருக்கும், சில தேக்கரண்டி அளவு. காசநோய்க் கிருமி பெரும்பாலும் நெஞ்சுக்குள் இருக்கும் நெறிக்கட்டிகளிலிருந்து அந்தப் பைக்குள் பரவுகிறது. பையில் நீர் சேர ஆரம்பிக்கிறது. பல நேரங்களில் ரத்தம் கலந்த நீர். மெதுவாகச் சேர்ந்தால் பை விரிந்து கொடுத்து ஒரு லிட்டர்வரைகூடத் தாங்கும். அதன் பிறகு இதயம் விரிவதற்கு இடம் இல்லை. உடம்பிலிருந்து திரும்பி வரும் ரத்தம் உள்ளே நுழைய முடியாமல் தேங்குகிறது. கழுத்து நரம்பு புடைக்கிறது, ஈரல் வீங்குகிறது, கால் வீங்குகிறது. நீர் வற்றினாலும் ஆபத்து தீர்ந்துவிடாது. சிலருக்கு அந்தப் பை தடித்து, காய்ந்த தோல்போல இறுகி இதயத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்போது நெஞ்சைத் திறந்து அதை உரித்தெடுக்கும் அறுவை சிகிச்சைதான் வழி. காசநோய்க்கு மருந்து இல்லாத காலத்தில் இந்த நோய் வந்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஆறு மாதத்துக்குள் இறந்தார்கள். இன்று மருந்து இருக்கிறது. நுரையீரல் காசநோய்க்குக் கொடுக்கும் அதே ஆறு மாத மருந்துதான் இதற்கும். அரசு அதை இலவசமாகத் தருகிறது. ஆக, இன்று இதில் ஒருவர் இறந்தால், பெரும்பாலும் நோயை அடையாளம் காண நேரமானதால்தான் இறந்திருப்பார்.

கம்பம் பள்ளத்தாக்கில் இதை எழுத வேண்டியிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில். அதற்குப் பிந்தைய பத்து பதினைந்து ஆண்டுகளில் தமிழ்நாட்டில் அது ஆழமாக ஊன்றிய மாவட்டங்களில் தேனியும் ஒன்று. கேரளத்துக்குப் போகும் நெடுஞ்சாலை, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று மூன்று மலைப்பாதைகள், ஏலக்காய்க்கும் திராட்சைக்கும் காய்கறிக்கும் வந்துபோகும் லாரிகள் என்று அதற்கு ஆயிரம் விளக்கம் சொல்வார்கள். லாரி ஓட்டியவர்களைத் திட்டித் தீர்த்த அளவுக்கு, அவர்கள் வீட்டில் இருந்த பெண்களைப் பற்றி யாரும் பேசவில்லை. 2004 ஏப்ரலில் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்க ஆரம்பித்தது. அதற்குள் கணவனை இழந்துவிட்டிருந்த பெண்கள் அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு உயிரோடு இருக்கிறார்கள். பிள்ளைகளை வளர்த்தார்கள். ஐம்பதை நெருங்கும் வயதில் இன்னமும் விடியக் கருக்கலில் ஜீப் ஏறி ஏலக்காட்டுக்குப் போகிறார்கள். அந்த ஜீப்பில் யார் இருப்பார்கள் என்று இந்த மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்துக்குச் சொந்தக்காரர் அதில் வருவதில்லை.

அந்த ஜீப்பில் போகும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். எந்த ஊர் என்றாலும் கதை அதிகம் மாறாது. மாத்திரையை ஒழுங்காக எடுத்துவந்தவர், வேலை கிடைத்த சில மாதங்கள் விட்டுவிட்டார். தேனிக்குப் போய் மருந்து வாங்கிவர ஒரு நாள் கூலி போய்விடும் என்பது ஒன்று, காத்திருக்கும் வரிசையில் ஊர்க்காரர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்பது இன்னொன்று. மலைச்சரிவில் ஏறும்போது மூச்சு வாங்க ஆரம்பிக்கிறது. தோட்டத்துக்கு மருந்தடித்த வாடை நெஞ்சில் ஏறிவிட்டது என்கிறார் கங்காணி. சாயங்காலம் காய்ச்சல் அடிக்கிறது. மழையில் நனைந்துகொண்டு ஏலக்காய் பறிப்பவருக்குக் காய்ச்சல் ஒரு செய்தியா? எடை குறைகிறது. குறைவதற்கு ஏற்கெனவே அதிகம் இல்லை. கால் வீங்குகிறது. "நீர் கோத்திருக்குக்கா, முள்ளங்கியும் பார்லித் தண்ணியும் குடி" என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். ஊரில் இருக்கும் கிளினிக்கில் ஓர் ஊசியும் நீர் பிரிகிற மாத்திரையும் தருகிறார்கள். இரண்டு நாள் வீக்கம் வடிகிறது, கிளினிக்காரர் கைராசிக்காரர் ஆகிறார். உண்மையில் இதயப் பையில் நீர் அழுத்திக்கொண்டிருக்கும்போது நீர் மாத்திரை ஆபத்தானது. இதயத்துக்குள் ஏற்கெனவே கஷ்டப்பட்டு நுழையும் ரத்தத்தை அது இன்னும் குறைத்துவிடும். மறுபடியும் வீங்குகிறது. அரசு மருத்துவமனைக்குப் போகிறார். "சளி குடும்மா" என்று டப்பாவைக் கொடுக்கிறார்கள். அவருக்குச் சளியே இல்லை. எச்சிலைத் துப்பிக் கொடுக்கிறார். முடிவு நெகட்டிவ் என்று வருகிறது. டி.பி. இல்லை என்று எழுதியாகிவிட்டது. இன்னொரு இடத்தில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து "ஹார்ட் வீக்கா இருக்கு" என்கிறார்கள். கடைசியில் ஒருநாள் ராத்திரி உட்கார்ந்தபடியே போய்ச் சேருகிறார். ஊரில் மாரடைப்பு என்பார்கள். விஷயம் தெரிந்த இரண்டு பேர், அந்த நோயால் செத்துவிட்டாள் என்று காதுக்குள் பேசிக்கொள்வார்கள். இரண்டுமே தவறு. அவரைக் கொன்றது காசநோய். அது எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

இந்தக் கதையில் நோயைப் பிடித்திருக்கக்கூடிய இடங்கள் எத்தனை இருந்தன என்று பாருங்கள். அவற்றில் முதல் மூன்று நான்குக்கு இயந்திரமே தேவையில்லை. கழுத்தைப் பார்த்தால் நரம்பு புடைத்திருப்பது தெரியும். வீங்கிய காலில் விரலை வைத்து அழுத்தினால் பள்ளம் விழும். மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுக்கச் சொன்னால், இழுக்கும்போது நாடி தளர்ந்து போகும். ரத்த அழுத்தக் கருவியில் அந்த இறக்கத்தை அளந்தே பார்க்கலாம். ஸ்டெத்தை நெஞ்சில் வைத்தால் இதயச் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்பதுபோல் மங்கியிருக்கும். நூறு வருடத்துக்கு முந்தைய மருத்துவப் புத்தகத்திலும் இருக்கிற விஷயங்கள் இவை. இவை அத்தனைக்கும் ஒரே ஒரு நிபந்தனை உண்டு. நோயாளியைத் தொட வேண்டும்.

எங்கள் மக்களைத் தொடாத கைகளைப் பற்றி நாங்கள் புதிதாக எழுத வேண்டியதில்லை. தேநீர்க் கடையில், முடிதிருத்தகத்தில், கோயில் வாசலில் அது எப்படி நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆஸ்பத்திரியில் அது வேறு உருவத்தில் இருக்கிறது. மேசைக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு கேள்வி, சீட்டில் நாலு மாத்திரை, "அடுத்து யாரு" என்ற குரல். சேலையைத் தளர்த்தச் சொல்லி நெஞ்சில் ஸ்டெத் வைத்துப் பார்ப்பதென்றால் திரை வேண்டும், கூட ஒரு நர்ஸ் வேண்டும், ஐந்து நிமிடம் வேண்டும். ஒரு காலை நேரத்தில் நூறு பேரைப் பார்க்க வேண்டிய மருத்துவரிடம் அந்த ஐந்து நிமிடம் இல்லை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இருக்கிற நேரம் எல்லோருக்கும் ஒரேபோலப் பங்கிடப்படுவதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நிற்பவளுக்கு அரை நிமிடம்தான் கிடைக்கும். சீட்டில் எச்.ஐ.வி. என்பதற்கான குறியீடும் இருந்துவிட்டால் அதுவும் குறையும். தொடுவதால் எச்.ஐ.வி. பரவாது என்று முப்பது ஆண்டுகளாகச் சுவரில் எழுதிவைத்த அதே கட்டடங்களுக்குள் இது நடக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். காசநோய் இதய உறையில் மட்டும் இருந்து நுரையீரலில் இல்லையென்றால், அந்த நோயாளியிடமிருந்து காற்றின் வழியே யாருக்கும் அது பரவாது. வீட்டில் தட்டைத் தனியாக வைப்பவர்களும் வார்டில் கட்டிலைத் தள்ளிப் போடுபவர்களும் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015-ல் வந்த திருத்தம், மருத்துவமனைக்குள்ளும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள்ளும் நுழையவிடாமல் தடுப்பதைக் குற்றம் என்கிறது. நுழையவிட்ட பிறகு தொடாமல் அனுப்புவதை எந்தப் பிரிவில் எழுதுவது?

கூட்டு மருந்து மையங்களில் ஒவ்வொரு முறை போகும்போதும் நான்கு கேள்வி கேட்பார்கள்: இருமல் உண்டா, காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா, ராத்திரி வியர்க்கிறதா. உலக சுகாதார நிறுவனம் வகுத்த நான்கு கேள்விகள் இவை. எங்கும் இவைதான் நடைமுறை. இந்தக் கேள்விகளால் ஏராளமானோர் பிழைத்திருக்கிறார்கள். இருந்தாலும் மூச்சு வாங்குவதும் கால் வீக்கமும் இந்த நான்கில் இல்லை. ஏலக்காட்டுக் காய்ச்சலையும் உழைப்பில் கரையும் எடையையும் நோயாகவே நினைக்காத ஒருவர் நான்குக்கும் "இல்லைங்க" என்று சொல்லிவிட்டு, வீங்கிய காலோடு மாத்திரை டப்பாவை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட முடியும். ஐந்தாவது கேள்வி ஒன்றைச் சேர்க்க எந்த நாட்டின் அனுமதியும் தேவையில்லை.

தமிழ்நாட்டுக்கு இது புது யோசனையும் அல்ல. 2022-ல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' என்ன செய்கிறது? சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனத்தோடு சேர்ந்து மாநில அரசு நடத்தும் திட்டம் அது. காசநோய் என்று முடிவான ஒருவரை, ஆய்வகச் சோதனை எதுவும் இல்லாமல், அந்த இடத்திலேயே தரம் பிரிக்கிறார்கள். உயரத்துக்கு ஏற்ற எடை, மூச்சு எண்ணிக்கை, விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் அளவு, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா, காலில் வீக்கம் இருக்கிறதா. ஆபத்தான நிலையில் இருப்பவரை உடனே உள்நோயாளியாகச் சேர்க்கிறார்கள். எந்தப் பெரிய படிப்பும் இல்லாத ஒரு களப்பணியாளர்கூடச் செய்துவிடக்கூடிய சோதனை, அதுதான் இந்தத் திட்டத்தின் பெருமை. என் கேள்வி ஒன்றுதான். நோய் இன்னதென்று முடிவான பிறகு பார்க்கிற காலை, முடிவாவதற்கு முன்னால் ஏன் பார்க்கக் கூடாது? எச்.ஐ.வி. தொற்றுள்ளவருக்குக் கால் வீங்கி மூச்சு வாங்கினால், சளி முடிவுக்குக் காத்திராமல் அன்றைக்கே எக்ஸ்ரே, ஈ.சி.ஜி., எக்கோ என்று ஒரே ஒரு உத்தரவு போட்டால் போதும். கம்பம், உத்தமபாளையம், போடி, சின்னமனூர் மருத்துவமனைகளிலிருந்து கானாவிலக்கு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பும் சீட்டில் "இதய உறையில் நீர் உள்ளதா எனப் பார்க்கவும்" என்று ஒரு வரி எழுதினால் போதும். கம்பத்திலிருந்து தேனிக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர், கானாவிலக்கு அதற்கும் அப்பால். அங்கே போய் எதற்காக அனுப்பினார்கள் என்று தெரியாமல் வரிசையில் நின்று திரும்பி வருபவர்களுக்கு அந்த ஒரு வரியின் மதிப்பு தெரியும்.

எக்கோ எடுத்தால் பையில் நீர் இருப்பது உறுதியாகிவிடும். எக்ஸ்ரேயிலேயே குடம்போல இதயம் பெருத்துத் தெரியும். ஆனால் இதயத் தசையே தளர்ந்து பெருத்திருக்கிறதா, சுற்றி நீர் நிற்கிறதா என்று எக்ஸ்ரே பிரித்துச் சொல்லாது. எக்கோ சொல்லிவிடும். நீர் இருப்பது தெரிந்த பிறகு, அது காசநோயால்தானா என்பதுதான் மருத்துவர்களுக்கே தலைவலி. புற்றுநோயால் நீர் சேரும், சிறுநீரகம் பழுதானாலும் சேரும், தைராய்டு குறைந்தாலும் சேரும், வேறு கிருமியால் சீழ் பிடித்தும் சேரும். ஊசி போட்டு அந்த நீரை எடுத்துப் பார்க்க வேண்டும். அந்த நீரில் காசநோய்க் கிருமி மிகக் குறைவாகவே இருக்கும், நுண்ணோக்கியில் கிடைப்பது அரிது. வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு வாரக்கணக்கில் ஆகும்.

நம் மாவட்டங்களில் இப்போது இருக்கும் சிபிநாட் கருவி இரண்டு மணி நேரத்தில் முடிவு சொல்லும். அதைப் பெரிதாக நம்பிவிடுகிறோம். தென்னாப்பிரிக்காவில் 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், இதய உறைக் காசநோய் உறுதியானவர்களில் அந்தக் கருவி கண்டுபிடித்தது நூற்றுக்குச் சுமார் 64 பேரைத்தான். மீதி மூன்றில் ஒருவருக்கும் மேல் "கிருமி இல்லை" என்ற முடிவோடு நின்றார்கள். அதே நீரில் ஏ.டி.ஏ. என்னும் நொதியை அளந்தபோது நூற்றுக்கு 95 பேருக்கு மேல் பிடிபட்டார்கள். ஏ.டி.ஏ. அப்படியொன்றும் விலை உயர்ந்த சோதனை இல்லை. அது சில நேரம் வேறு நோயிலும் உயர்ந்து காட்டும் என்பது உண்மைதான். அதனால்தான் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்கிறோம். கருவி "இருக்கிறது" என்றால் நம்பலாம், "இல்லை" என்றால் நம்பி வீட்டுக்கு அனுப்பக் கூடாது. சிறுநீரில் கிருமியின் கூறைக் காட்டும் பட்டை ஒன்றும் உண்டு, கர்ப்பம் பார்க்கும் பட்டைபோல. அரை மணி நேரத்துக்குள் முடிவு தெரிந்துவிடும். எதிர்ப்பு சக்தி மிகவும் குறைந்து மருத்துவமனையில் படுத்திருக்கும் எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு அதைப் பயன்படுத்தும்படி உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது, 2019-ல் இன்னும் பலருக்கு விரிவாக்கியது. சளி வராதவர்களுக்காகவே வந்ததுபோன்ற சோதனை அது. ஒவ்வொரு தாலுகா மருத்துவமனையிலும் இருக்க வேண்டிய பொருள்.

தென்னாப்பிரிக்கா என்று சொன்னதும் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பொங்கானி மயோசி. நிறவெறி ஆட்சி கறுப்பின மக்களை ஒதுக்கித் தள்ளிவைத்த டிரான்ஸ்கைப் பகுதியில் பிறந்தவர். இதய மருத்துவராகி, கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் புலத்தின் தலைவரானார். பணக்கார நாடுகள் மறந்துவிட்ட இந்த நோயைத் தன் நோயாக எடுத்துக்கொண்டார். மயோசியும் கூட்டாளிகளும் ஆய்வுக்கு வைத்த சுருக்கப் பெயர் 'இம்பி'. சூலு மொழியில் அந்தச் சொல்லுக்குப் படை என்று பொருள். 2004-ல், நம் ஊரில் கூட்டு மருந்து தொடங்கிய அதே வருடம், கேமரூன், நைஜீரியா, தென்னாப்பிரிக்கா என்று மூன்று நாடுகளில் இந்த நோய்க்காகச் சிகிச்சையில் இருந்த 185 பேரைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். மருந்து கொடுத்தும் ஆறு மாதத்தில் நூற்றுக்கு 26 பேர் இறந்திருந்தார்கள். எச்.ஐ.வி. முற்றிய அறிகுறி உள்ளவர்களில் அது 40, இல்லாதவர்களில் 17. பிறகு 1,400 நோயாளிகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு. 2014-ல் முடிவு வந்தது. ஸ்டீராய்டு கொடுத்தால் உயிர் பிழைப்பது கூடவில்லை, ஆனால் உறை இறுகிப்போவது குறைந்தது, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கோ புற்றுநோய் கூடியது. ஆகவே அந்த மருந்தைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்க முடியாது என்று உலகம் தெரிந்துகொண்டது. அந்த ஆய்வில் சோதித்த இன்னொரு மருந்து நம் நாட்டில் தொழுநோய்க்கென்று உருவான தடுப்பூசி. அது இந்த நோய்க்குப் பயன்படவில்லை. மயோசி 2018-ல் இறந்துபோனார். ஒடுக்கப்பட்ட மக்களின் நோயை ஒடுக்கப்பட்ட மக்களிடமிருந்து வந்த ஒருவர் ஆராய்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல சான்று இல்லை. நம் மருத்துவக் கல்லூரிகளில் இடஒதுக்கீட்டைக் கேலி பேசுகிறவர்கள் மயோசியைப் படித்துவிட்டு வந்து பேசட்டும்.

எக்கோ எடுக்க இதய நிபுணர் வேண்டுமே, தாலுகா மருத்துவமனையில் எங்கே போவது என்று கேட்பார்கள். இதிலும் ஆப்பிரிக்காவே வழி காட்டியிருக்கிறது. எச்.ஐ.வி. நோயாளிக்குச் சாதாரண ஸ்கேன் கருவியை வைத்து இதயப் பையில் நீர், நெஞ்சில் நீர், வயிற்றில் நீர், வயிற்றுக்குள் நெறிக்கட்டி, மண்ணீரலில் புள்ளிகள் ஆகியவற்றை மட்டும் பார்க்கும் ஒரு முறையை அங்குள்ள கிராமப்புற மருத்துவமனைகளில் பொது மருத்துவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். நம் நாட்டில் இதற்கு ஒரு தடை உண்டு. கருவில் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு ஸ்கேன் கருவியும் பதிவு செய்யப்பட வேண்டும்; யார் இயக்கலாம், எங்கே இயக்கலாம் என்பதற்கும் கட்டுப்பாடு உண்டு. கணவாயைத் தாண்டினால் உசிலம்பட்டி. அந்தச் சட்டம் ஏன் வந்தது என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம், அதில் ஒரு எழுத்தைக்கூடத் தளர்த்தச் சொல்ல மாட்டேன். சட்டத்துக்குள்ளேயே நின்று, பதிவான கருவியில், பயிற்சி பெற்ற மருத்துவர் நெஞ்சைப் பார்க்க ஏற்பாடு செய்ய அரசால் முடியும். தாலுகா மருத்துவமனையில் கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுக்கும் அதே கருவிதான் அது.

சட்டத்தைப் பற்றிப் பேசும்போது 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டத்தையும் சொல்ல வேண்டும். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. சிகிச்சை மறுப்பதையும் பாகுபாடு காட்டுவதையும் அது தடை செய்கிறது. ஒருவருடைய தொற்று நிலையை அவர் சம்மதம் இல்லாமல் வெளியில் சொல்லக் கூடாது என்கிறது. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் மருத்துவமனை என்றால் புகார் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். எல்லாம் சரி. ஆனால் 14-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். நோய் கண்டறியும் வசதி, கூட்டு மருந்து, எச்.ஐ.வி.யோடு ஒட்டிவரும் நோய்களுக்கான சிகிச்சை ஆகியவற்றை அரசு 'இயன்றவரை' வழங்கும் என்று எழுதியிருக்கிறது. மசோதாவாக இருந்தபோதே தொற்றுள்ளோர் அமைப்புகள் அந்த ஒரு சொல்லை நீக்கச் சொல்லிப் போராடின. நீக்கவில்லை. கூடலூர் காலனிப் பெண்ணுக்கு எக்கோ கிடைப்பதும் கிடைக்காததும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. நம் இயக்கங்கள் எச்.ஐ.வி. சட்டத்தை ஏதோ தொண்டு நிறுவனங்களின் விஷயம் என்று ஒதுக்கிவிட்டோம். ஆண்டிப்பட்டியில் ஆரோக்கிய அகம் போன்றவர்கள் தொழுநோய்க்கும் காசநோய்க்கும் எச்.ஐ.வி.க்கும் வருடக்கணக்கில் செய்த வேலையை மதிக்கிறேன். ஆனால் உரிமை கேட்டு ஆட்சியர் அலுவலக வாசலில் உட்காருவது நம் வேலை.

ரகசியம் காக்கப்படாததால் வரும் கேடு ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன், ஏனென்றால் இது பலருக்குத் தெரியாது. ஊர்க்கண்ணுக்குப் பயந்து தொற்றை மறைத்துவிட்டு தனியாரிடம் போய் காசநோய்க்கு மட்டும் மருந்து வாங்குபவர்கள் இருக்கிறார்கள். காசநோய் மருந்தில் உள்ள ரிஃபாம்பிசின், இப்போது பெரும்பாலோர் எடுக்கும் டோலுடெக்ராவிர் மாத்திரையின் வீரியத்தைக் குறைத்துவிடும். அதனால் காசநோய் மருந்து எடுக்கும் காலம் முழுக்க டோலுடெக்ராவிரைக் கூடுதலாக ஒரு வேளை எடுக்க வேண்டும். மறைத்தால் அந்தக் கூடுதல் மாத்திரையைத் தர ஆள் இருக்காது. இன்னும் கூட்டு மருந்தே ஆரம்பிக்காதவர் என்றால், காசநோய் மருந்து தொடங்கிய சில வாரங்களுக்குள் அதையும் ஆரம்பிக்க வேண்டும்; எந்த நாளில் என்பதை இரண்டு நோயையும் தெரிந்த மருத்துவர்தான் முடிவு செய்ய முடியும். மாதம் 1,000 ரூபாய் சத்துணவுத் தொகைக்கும் காசநோய்ப் பதிவில் பெயர் இருந்தாக வேண்டும்.

ஆகவே வீட்டிலோ தெருவிலோ தொற்றுள்ள யாருக்காவது கால் வீங்கி, படுக்க முடியாமல் மூச்சு வாங்கினால், சளி முடிவு என்ன சொன்னாலும் சரி, அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். மூச்சு மிகவும் முட்டினாலோ தலைசுற்றி விழுந்தாலோ பஸ்ஸுக்கு நிற்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். மருத்துவரிடம் தொற்று இருப்பதை மறைக்காமல் சொல்லுங்கள். வரிசையில் எல்லோர் காதிலும் விழும்படி சொல்ல வேண்டியதில்லை, தனியாகச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. "இதயத்தைச் சுத்தி நீர் இருக்கான்னு பாருங்கய்யா, எக்கோ எடுக்கணுமான்னு சொல்லுங்க" என்று கேளுங்கள். எடுக்க முடியாது என்றால் எங்கே எடுப்பார்கள் என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். எச்.ஐ.வி. தொடர்பான சந்தேகத்துக்கு 1097, காசநோய்க்கு 1800-11-6666, இரண்டும் இலவசம். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை யாராவது கூடப் போனால் நல்லது. பழைய எக்ஸ்ரே படம் வீட்டில் இருந்தால் மறக்காமல் எடுத்துப் போங்கள், அதன் பக்கத்தில் புதுப்படத்தை வைத்துப் பார்த்தால் இதயம் எவ்வளவு பெருத்திருக்கிறது என்று மருத்துவருக்குத் தெரியும்.